பாகுநிலை என்னும் சொல்லும் அதன் கணக்கும்

திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது எழும் தடையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'பாகுநிலை' என்கின்றன. 'பிசுக்குமை' என வழங்குவாரும் உளர்.

பாகு நம் அடுப்பங்கரைச் சொல். கம்பிப் பதம் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். ஆயினும் 'நிலை' என்னும் ஈறு இடர் செய்கின்றது. காய்ச்சிப் பாகான பின்னரே பாகுநிலை என்று மாணவன் கொள்கிறான். தண்ணீருக்கும் அஃது உண்டென்றால் திகைக்கிறான். பிசுக்குமையோ விரலில் ஒட்டும் குணத்தையே நினைவூட்டும். ஒட்டுதல் வேறு, உள்ளே உராய்தல் வேறு.

இவற்றினும் பெருங்கேடு, ஆசிரியப் பயிற்சிக் கூட்டங்களிலும் யான் கேட்ட 'அடர்த்தியான திரவம்' என்னும் விளக்கம். அடர்த்தியாவது ஓரலகு கன அளவின் நிறை. பாதரசம் நீரினும் 13.6 மடங்கு அடர்த்தியுடையது. பாகுநிலையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கே. ஆமணக்கெண்ணெய் நீரில் மிதக்கும். 20 டிகிரி செல்சியசில் அதன் பாகுநிலை நீரைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு. இவ்வுண்மைக்குப் பேராக் தோட்டங்களிலேயே சான்றுண்டு. ரப்பர் நீரினும் இலேசானது. ஆதலின் ரப்பர் மிகுந்த கெட்டிப் பாலில் மெட்ரொலாக் என்னும் மிதவைக் கோல் ஆழ அமிழும்; நீர் கலந்த பாலில் மேலெழும். கெட்டியானது கனமானது என்று படித்த பிள்ளை இதனை எங்ஙனம் விளக்குவான்?

பாகுநிலை என்ற சொல் வேரூன்றிவிட்டது. மாற்றப் புகுதல் வீண். முதலில் 'உள்ளுராய்வு' என விளக்கி, பின்னர்ப் பாடநூற் சொல்லைத் தரலாம். எஞ்சிய மயக்கத்தைக் கணக்கே தீர்க்கும்.

1851இல் ஸ்டோக்ஸ் தந்த வழி இது: சிறு குண்டொன்று திரவத்தில் சீரான வேகத்தில் விழும்போது, ஆரத்தின் இருமடி, குண்டுக்கும் திரவத்துக்குமுள்ள அடர்த்தி வேறுபாடு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றைப் பெருக்கி, இருமடங்காக்கி, வேகத்தின் ஒன்பது மடங்கால் வகுக்க. 1 மி.மீ. ஆரமுள்ள எஃகுக் குண்டு (அடர்த்தி 7800) ஆமணக்கெண்ணெயில் (960) வினாடிக்கு 1.5 செ.மீ. இறங்குமாயின், விடை ஏறத்தாழ 1 பாஸ்கல்-வினாடி. அடர்த்தி குண்டை இறக்கும் பக்கத்தில் நிற்பதையும், விடை பிறிதோர் அளவாக வருவதையும் மாணவன் கண்ணாரக் காண்பான்.

வெப்பநிலை குறியாத அட்டவணைகளையும் கண்டிக்க வேண்டும். ஈப்போவில் நண்பகல் வகுப்பறை 30 டிகிரியைத் தொடும். அங்கே அதே குண்டு இருமடங்குக்கும் மிகுந்த வேகத்தில் விழும். விடை பாதிக்கும் குறையும். அஃது எண்ணெயின் இயல்பு; மாணவன் பிழையன்று. அதற்குச் சிவப்பு மைக்கோடு இடுதல் அநீதி. வெப்பமானியை எண்ணெயில் இட்டு அளந்து, விடையின் அருகே அதனையும் எழுதச் செய்க.