இடமறியா ஆவல்: செர்வாந்தெஸின் ஓர் அடைமொழி

செர்வாந்தெஸ் 1605இல் வெளியிட்ட 'டொன் கிஹோத்தே' முதற் பாகத்தின் 33ஆம் அத்தியாயம் முதல் 35ஆம் அத்தியாயம் வரை தனிக்கதையொன்று இடம்பெறுகின்றது. அதன் தலைப்பில், ஆவல்மிக்கவன் ஒருவனுக்கு அடையாக வருவது 'இம்பெர்தினெந்தே' என்னும் ஸ்பானியச் சொல்லாகும். இச்சொல்லை நாம் விளங்கிக்கொள்ளும் முறையிலேயே கதையின் பொருளும் தங்கியுள்ளது.

'உரியதாதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது இச்சொல். ஆகவே, 'சந்தர்ப்பத்துக்கு உரியதல்லாத' என்பதே அதன் அடிப்பொருள். சொல்லாலோ செயலாலோ பிறரைத் தொல்லைப்படுத்துகின்ற என்ற கருத்தும் அதற்குண்டு. ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இவ்விரண்டையும் ஒரே வரைவிலக்கணத்துள் அடக்குகின்றது.

புளோரன்ஸ் நகரத்து அன்செல்மோ, தன் மனைவி கமிலாவின் கற்பைச் சோதிக்க விரும்பி, உயிர்நண்பன் லொத்தாரியோவையே அவளை நாடுமாறு வற்புறுத்துகின்றான். நண்பன் மறுத்துரைத்தும் கேளான். முடிவில் மூவரும் அழிகின்றனர். அன்செல்மோவை வெறுந் துடுக்கனாகக் கொண்டால் இது நீதிக்கதையாகச் சுருங்கிவிடும். அவனது குற்றம் துடுக்கன்று. நம்பிக்கை நிலவவேண்டிய இடத்திலே நிரூபணம் கேட்டமையாகும். சாகும் தறுவாயில் எழுதிய கடிதத்தில், தன் ஆசையை அதே அடைமொழியால் அவனே சுட்டுகின்றான்.

1615இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில், சன்சோன் கர்ராஸ்கோ என்னும் பாத்திரம் இக்கதைமீது வாசகர் கூறும் குறையொன்றை எடுத்துரைக்கின்றது. கதை தரங்குறைந்தது என்பதன்று அக்குறை. அவ்விடத்துக்கு உரியதன்று என்பதே. அடைமொழி கதைமாந்தனை விட்டுக் கதையையே பற்றிக்கொண்டது எனலாம்.

இக்குறை ஏற்கத்தக்கதன்று. நூலின் முதல் அத்தியாயத்தில், மட்டையால் தலைக்கவசத்தைச் சீரமைத்த டொன் கிஹோத்தே அதை வாளால் வெட்டிச் சோதிக்கின்றான், அது சிதைகின்றது. உள்ளே இரும்பு வைத்து மீளச் செய்தவன் மறுபடி சோதிக்கவில்லை, சிறந்ததென்றே கொள்கின்றான். அவனது நம்பிக்கை பேதைமையே. எனினும், சோதனையை எங்கே நிறுத்துவது என்பதைப் பித்தன் அறிந்திருந்தான். அறிவுடையவனாகிய அன்செல்மோ அறிந்திலன். இந்த ஒப்புமையே கதையை நூலோடு பிணைக்கின்றது.

எனவே இதனைத் தமிழாக்குவோர் அடங்காமையைக் குறிக்கும் சொல்லை விடுத்து, இடமறியாமையைக் குறிக்கும் சொல்லையே நாடுதல் வேண்டும். 'இடம், பொருள், ஏவல்' என்று பேசிப் பழகிய மொழிக்கு அது அரிய காரியமன்று.