ஆடையும் அந்தஸ்தும்: மத்தியகாலப் பிரெஞ்சுக் காவியங்களிற் பிரபுகுலப் பெண்

மத்தியகாலப் பிரெஞ்சுக் காவியங்களிற் பிரபுகுலப் பெண்ணின் ஆடை விரிவாக வருணிக்கப்படுவதைக் கண்டு, அக்காலப் பெண் உயர்நிலை பெற்றிருந்தாள் என முடிவுகட்டுவோர் உளர். பட்டும் பொன்னிழையும் மதிப்பின் சின்னங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அம்மதிப்பு எவருக்குரியது என்னும் வினாவை எழுப்பாத திறனாய்வு வருணனையின் அழகிலே தேங்கிவிடுகின்றது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதிய கிரெத்தியன் த துருவாவின் இரு காவியங்களைக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

'எரெக்கும் எனிடும்' என்னும் காவியத்தின் தலைவி வறிய சிறு பிரபு ஒருவரின் மகள். முழங்கைப் பகுதி கிழிந்த வெண்ணிற ஆடையுடனேயே அவள் அறிமுகமாகின்றாள். உறவினள் ஒருத்தி நல்லாடை தர முன்வந்தும் எரெக் அதனை ஏற்கவில்லை. அரசியே அவளை உடுத்த வேண்டும் என்கிறான். அவ்வாறே அரசியின் சொந்த ஆடை எனிடுக்குக் கிடைக்கின்றது. திருமணத்தின் பின் மனக்கசப்புற்ற எரெக், மிகச் சிறந்த ஆடையை அணிந்து தன்னோடு புறப்படுமாறு கட்டளையிடுகின்றான். வழியிற் பேசலாகாது என்றும் விதிக்கின்றான். உயர்ந்த ஆடையும் கட்டாய மௌனமும் ஒரே ஆணையிற் பிறக்கின்றன. அவ்வாணையை மீறிப் பேசிக் கணவனைக் காக்கும்போதே எனிட் தனி ஆளுமை பெறுகின்றாள். அவளுடைய உண்மையான உயர்வு ஆடையில் அன்று, அக்குரலிலேயே உள்ளது.

ஆடைக்கும் நிலவுடைமைக்கும் இருந்த உறவைச் சட்டம் ஒளிவுமறைவின்றிக் கூறியது. நான்காம் பிலிப் மன்னன் 1294இல் விதித்த ஆணைப்படி, 6,000 லிவ்ர் நில வருமானமுடைய பெரும் பிரபுக்கள் ஆண்டுக்கு நான்கு தொகுதி ஆடைகள் பெறலாம். அவர்தம் மனைவியர்க்கும் அவ்வளவே. கோட்டைத் தலைவியோ 2,000 லிவ்ர் நிலமுடையவளோ அல்லாத பெண்ணுக்கு ஒரு தொகுதியே உரியது. நகர வணிக வகுப்பார் எர்மின் போன்ற விலையுயர்ந்த மென்மயிர்களை அணிவது தடுக்கப்பட்டது. எனவே, ஆடை நிலத்தின் அளவையே அறிவித்தது. 1137இல் அக்கித்தேன் நாட்டுக்கு உரிமை பெற்ற எலியனோர், 1152இல் ஏழாம் லூயியுடனான மணம் நீக்கப்பட்டதும் அந்நாட்டைத் தன்னுடனேயே கொண்டு சென்றார். அவரது செல்வாக்கின் அடிப்படையும் நிலமே.

அப்பட்டை நெய்தவர் யார்? 'இவேன்' காவியத்தில், அடைபட்ட முற்றமொன்றில் முந்நூறு கன்னியர் பொன்னிழையாலும் பட்டாலும் வேலை செய்கின்றனர். அவர்கள் உடுத்திருப்பதோ கந்தல். 240 தெனியே கொண்ட ஒரு லிவ்ர் பெறுமதியான உழைப்புக்குத் தமக்குக் கிடைப்பது நான்கு தெனியே என்றும், தம் உழைப்பால் எசமான் செல்வனாகின்றான் என்றும் அவர்கள் முறையிடுகின்றனர். இக்காட்சியை நேரடி வரலாற்றுச் சான்றாக நாம் கொள்ளவில்லை. எனினும், பிரபுக்களின் அவைக்காகப் பாடிய கவிஞன் இம்முறையீட்டைக் கேட்கச் செய்தமை குறிப்பிடத்தக்கது. அவன் காணும் தீர்வு மட்டும் அவனது வர்க்க எல்லையைத் தாண்டவில்லை: வீரன் இரு அரக்கரை வென்றதும் கன்னியர் விடுதலை பெறுகின்றனர். சுரண்டல் அரக்கரின் கொடுமையாகிவிட, பட்டுடுத்தும் சமுதாயம் குற்றத்தினின்றும் தப்பிவிடுகின்றது.

ஆகவே, எனிடின் பட்டாடையையும் நெசவுக் கன்னியரின் கந்தலையும் ஒருங்குவைத்தே படித்தல் வேண்டும். முன்னையது குலத்தின் பெருமையைப் பெண்ணுடலில் ஏற்றிக் காட்டியது. பின்னையது அப்பெருமையின் விலையை உணர்த்தியது. இரண்டையும் பிரித்து நோக்கும் இரசனை, காவியத்திற் பாதியையே காண்கின்றது.