12 மில்லிமீட்டர் இரும்பு

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய நம் சிறுகதைகளில் டாங்கி எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது. முதலில் தரை அதிரும். லயத்து நாய்கள் குரைக்கும். பிறகு பால்மரங்களுக்கு நடுவே ஓர் இரும்பு மலை நகர்ந்து வரும். "அத எதாலயும் தொளைக்க முடியாதுடா" என்று ஒரு தாத்தா சொல்வார். கதை அங்கிருந்து கண்ணீருக்குப் போய்விடும். பேராக் தோட்டங்களைக் களமாகக் கொண்ட இத்தகைய கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அந்த இரும்பு உண்மையில் எவ்வளவு தடிமன்?

மலாயாவுக்குள் வந்த ஜப்பானிய இலகு டாங்கி டைப் 95 ஹா-கோ. எடை 7.4 டன். கவசம் அதிகபட்சம் 12 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு சுண்டுவிரலின் அகலம், அவ்வளவுதான். நடுத்தர டாங்கியான டைப் 97 சி-ஹாவில்கூட முன்பக்கக் கவசம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர்தான்.

வடிவமைத்த பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. டாங்கி கப்பலில் ஏற வேண்டும், வலுவில்லாத பாலங்களைக் கடக்க வேண்டும், லாரிகளின் வேகத்துக்கு ஓட வேண்டும். இதற்கெல்லாம் எடையைக் குறைக்க வேண்டியிருந்தது. கவசத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்தது இன்னொரு பலவீனம். குண்டு தகட்டைத் துளைக்காவிட்டாலும், அடிபட்ட வேகத்தில் ரிவெட் உடைந்து உள்ளே இருப்பவர்கள் மீது தோட்டாபோலப் பாயும். ஹா-கோவின் கோபுரத்தில் ஒருவர்தான் இருப்பார். வெளியே பார்ப்பது, கட்டளை இடுவது, பீரங்கியில் குண்டு போட்டுச் சுடுவது எல்லாம் அவர் வேலை.

இப்படிப்பட்ட வண்டிகள் எப்படி ஜெயித்தன? ஈப்போவிலிருந்து தெற்கே பழைய சாலையில் துரோலாக் வழியாகச் சிலிம் ரிவர் வரை போனால் பதில் கிடைக்கும். 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன் நிலவொளியில் டாங்கிகள் அந்தச் சாலையில் இறங்கின. மொத்தம் முப்பதுக்கு மேல் இருக்காது. எதிரே இருந்தவர்கள் ஹைதராபாத், பஞ்சாப், கூர்க்கா படையினரும் ஸ்காட்லாந்துக்காரர்களும். வாரக்கணக்கில் சண்டையிட்டுப் பின்வாங்கி, தூக்கம் இல்லாமல் இருந்தவர்கள். மலாயாவில் பிரிட்டிஷாரிடம் அப்போது ஒரு டாங்கிகூட இல்லை. இந்தக் காட்டுக்குள் டாங்கி வராது என்று நம்பியிருந்தார்கள். சாலையில் புதைத்திருந்த கண்ணிவெடிகளும் போதாது.

ஓரிடத்தில் அந்தக் கண்ணிவெடிகள் வேலை செய்தன. முன்னால் போன டாங்கி நின்றது, பின்னால் வந்தவை வரிசையாக அடைத்துக்கொண்டன. அப்போது ஜப்பானியர் கண்ணில் பட்டது, சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவு. ரப்பர் மரங்களுக்குள் போன அந்தத் தடத்தை யாரும் அடைத்து வைக்கவில்லை. டாங்கிகள் அதன் வழியாகச் சுற்றி வந்தன. காலையில் சிலிம் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படாமலே அவர்கள் கைக்கு வந்தது. அதைத் தாண்டிச் சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ஒரு ஹோவிட்ஸர் பீரங்கி முன்னணி டாங்கியை உடைத்த பிறகுதான் ஓட்டம் நின்றது. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது.

பதினொரு நாள் கழித்து, ஜொகூரில் மூவார் அருகே பக்ரியில் கதை மாறியது. சாலையோரம் காத்திருந்த ஆஸ்திரேலியப் பீரங்கிகள் 9 ஹா-கோ டாங்கிகளை அழித்தன. கவசம் துளைக்கும் குண்டுகள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறிவிட்டதால், சாதாரண வெடிகுண்டுகளுக்கு மாற வேண்டியிருந்ததாம். நம் கதைகளில் வரும் இரும்பு மலையின் லட்சணம் இதுதான்.

இதைச் சொல்வது தாத்தாக்களைத் திருத்துவதற்காக இல்லை. லயத்து வாசலில் நின்று பார்த்தவருக்கு அது மலைதான். அந்தப் பயம் உண்மை. ஆனால் எழுத்தாளரும் அங்கேயே நின்றுவிடுவதுதான் என் குறை. டாங்கியைத் துளைக்க முடியாததாக ஆக்கினால் தோல்வி விதியாகிவிடுகிறது. யாரும் பதில் சொல்லத் தேவை இல்லை. அது சுண்டுவிரல் அகல இரும்பு என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும். பிறகு ஏன் நிறுத்தவில்லை? தோட்டத்தையும் மக்களையும் விட்டுவிட்டு ஓடிய துரைமார்கள் பற்றிய கேள்வி அது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் ரயில் பாதையின் துயரத்தை எழுதின. அந்தப் பாதைக்கு நம்மவர்கள் கொண்டுபோகப்பட்டதற்கு முன்னால் இந்தச் சாலை இருக்கிறது. நான் படித்த அளவில், அந்தக் காலைப்பொழுது நம் புனைவில் இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

ஜப்பானியப் பொறியாளர்கள் பிறகு திருத்திக்கொண்டார்கள். டைப் 1 சி-ஹே டாங்கியில் ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங், முன்பக்கம் 50 மில்லிமீட்டர். ஆனால் அது போர்முனைக்கே வந்து சேரவில்லை. இன்று மலேசிய இராணுவத்தின் 48 பெண்டேக்கார் டாங்கிகளின் மேல் ஒட்டியிருக்கும் வெடிக் கட்டிகள், பாய்ந்து வரும் குண்டின் வேகத்தைத் தாங்களே வெடித்துச் சிதறடிப்பவை. வெடித்த இடம் மறுபடி வெறுமையாகும். அதற்கும் மாற்று தேடுகிறார்கள். அடிபட்ட டாங்கியைப் பார்த்து, "எங்க நுழைஞ்சது?" என்று கேட்பதுதான் அவர்கள் தொழில்.

நம்மிடம் யாராவது ஒரு கதையைக் காட்டி, "இங்க மெல்லிசா இருக்கு" என்றால் உடனே கோபம் வருகிறது. பாராட்டு விழாவில் எந்தக் கதையும் சோதிக்கப்படுவதில்லை. அடுத்த முறை யாராவது சிலிம் ரிவர் பற்றி எழுதினால், அந்தத் தாத்தா சொல்வதை அப்படியே எழுதட்டும். கூடவே, அந்தக் கைவிடப்பட்ட வளைவையும் எழுதட்டும்.