மதிப்பு நம்பிக்கைக்கா, மனிதருக்கா?

தமிழ்நாட்டில் கடவுள் மறுப்பின் கதையை ஈரோட்டிலிருந்து தொடங்குவதே வழக்கம். உண்மையில் அது பெரியாருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே சென்னையில் தொடங்கிவிட்டது. அங்கே இலௌகிக சங்கம் என்ற கடவுள் மறுப்பாளர் அமைப்பினர் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’யைத் தமிழிலும் ‘தி திங்க்கர்’ இதழை ஆங்கிலத்திலும் நடத்தினார்கள். லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய சங்கமே அவர்களுக்கு முன்மாதிரி. 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பிராட்லா, உறுதிமொழித் தகராறால் 1886 வரை முறையாகப் பதவியேற்க முடியாமல் இருந்தார். இங்கே இவர்கள் எழுதிக்கொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

அவர்கள் புராணங்களை விமர்சித்தார்கள், பாதிரிமாரையும் விடவில்லை. அந்த வட்டத்தின் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் ‘இந்துமத ஆசார ஆபாச தரிசனி’யை 1882இல் எழுதினார். அதற்குப் பத்தாண்டு முன்பே, மிராசுதார்களுக்கு எதிராக, மிராசி உரிமை இல்லாத பாயக்காரி உழவர்களின் நில உரிமைக்காக எழுதியவர் அவர். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பக்கம் நின்றவர்தான் சாஸ்திரத்தையும் கேள்வி கேட்டார். ‘நம்பிக்கையைப் புண்படுத்தலாமா’ என்று இன்று கேட்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

மீனவச் சமூகத்தில் பிறந்த சிங்காரவேலரும் இந்த மரபுதான். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தியவர், 1930களில் ‘குடி அரசு’ இதழில் பரிணாமத்தையும் வானவியலையும் பற்றி எழுதினார். துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே போய் நிற்பவர்களில் எத்தனை பேர் அவருடைய விஞ்ஞானக் கட்டுரைகளைப் படித்திருப்பார்கள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் நாத்திகர் கூட்டத்தில் உருவானதல்ல. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில், பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த மில் தொழிலாளிகள் தங்கள் குறைகளைப் பேசப் பேச அது சங்கமானது. இன்றும் எண்ணூர் நெடுஞ்சாலையோர லாரி ஷெட்டுகளில் ஆயுத பூஜையன்று சங்கக் கொடிக்குக் கீழேயே பூசணிக்காய் உடைகிறது, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. விபத்துக்கும் வேலை போவதற்கும் அஞ்சும் அந்த ஓட்டுநரை ஏளனம் செய்வது பகுத்தறிவு ஆகாது. ஆனால் எலுமிச்சம்பழம் விபத்தைத் தடுக்கும் என்ற கூற்றுக்கு நான் ஏன் தலைவணங்க வேண்டும்? மதிப்பு அவருக்கு, கூற்றுக்கு அல்ல.

நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்தது? 1953 மே 27, புத்தர் பிறந்தநாளன்று, திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் வழக்குத் தொடுத்தார். உடைத்தது வழிபாட்டுக்குரிய சிலை அல்ல என்று கீழ்நீதிமன்றம் புகாரைத் தள்ளியது, உயர் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 1958இல் வேறு விதமாகச் சொன்னது. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், அது எவ்வளவு அற்பமானதாயினும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவுக்குள் வரும். அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா என்று நீதிபதி பார்க்க வேண்டியதில்லை. இருந்தும், புகார் பழையதாகிவிட்டது என்று மேல்முறையீடு தள்ளுபடியானது. பெரியார் தண்டனை பெறவில்லை, நம்பிக்கைக்குத் தானாகவே மதிப்பு கிடைத்துவிட்டது.

அடுத்தவர் வணங்கும் பொருளைச் சிதைக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதே தர்க்கம் எழுத்துக்கும் பேச்சுக்கும் நீளும்போதுதான் சிக்கல். 1927இல் வந்த 295ஏ பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, வேண்டுமென்றே கெடுநோக்கோடு செய்ததை மட்டும் தண்டிக்கச் சொல்கிறது. ஆனால் நோக்கம் என்னவென்று விசாரணையில் தெரிவதற்குள் எழுதியவர் வாய்தாவுக்கு அலைந்து ஓய்ந்துவிடுவார். இது வழக்கோடு நிற்பதுமில்லை: 2017 மார்ச்சில் கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் ஒருவர் நாத்திகம் பேசியதற்காகக் கொல்லப்பட்டார். நம்பிக்கையாளருக்குப் புண்படும் மனம் உண்டென்று சட்டம் சொல்கிறது, நம்பாதவருக்கு உயிர் உண்டு என்பதையும் அது அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

கட்சிகளின் கதை சுருக்கமானது. 1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அண்ணா பிள்ளையாரை உடைக்கவும் இல்லை, அவருக்குத் தேங்காய் உடைக்கவும் இல்லை. ஆட்சிக்கு வந்ததும் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கினார், அது பெரிய காரியம். ஆனால் வாக்கு கேட்கும் கட்சியால் விவாதத்தை அதற்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. தலைவர்களின் சிலைகள் பெருகின, எதிர்த்தரப்பு நூலை வரிவரியாகப் படித்து மறுக்கும் பழக்கம் அருகிவிட்டது.

‘தத்துவவிவேசினி’, ‘தி திங்க்கர்’ இதழ்களை வீ. அரசு தொகுத்து, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் 2012இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. பகுத்தறிவாளர்கள் மட்டுமல்ல, பக்தர்களும் எடுத்துப் படியுங்கள். பிறகு எதிர்த்து எழுதுங்கள்.