ஆணை என்று தெரிந்தால் மறுக்கிறோம்: மில்கிராமை மறுவாசிப்பு செய்தபோது

கீழ்ப்படிதல் பற்றி யார் பேசினாலும் ஸ்டான்லி மில்கிராம் வந்துவிடுவார். யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் தொடங்கிய சோதனைகளை அவர் 1974-இல் 'ஒபீடியன்ஸ் டு அத்தாரிட்டி' என்று புத்தகமாக்கினார். கதை பலருக்கும் தெரியும். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பான விடை சொன்னால் ஷாக் கொடுக்கணும். ஒவ்வொரு தப்புக்கும் 15 வோல்ட் கூடும். ஷாக் பொய், அலறல் நடிப்பு. ஆனா ஸ்விட்சை அழுத்துறவருக்கு அது தெரியாது. முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள்.

மில்கிராமின் விளக்கம் இது: அதிகாரத்தின் முன் மனிதன் தன்னை அடுத்தவரின் கருவியாக நினைக்கத் தொடங்குகிறான், பொறுப்பு மேலே போய்விடுகிறது. அதாவது, கீழ்ப்படியும்போது சுதந்திரம் அணைந்துவிடுகிறது. புத்தகத்தின் பலவீனமான இடமே இதுதான் என்பது என் கருத்து.

காரணம், அந்த அறையில் சொல்லப்பட்ட நான்கு வாக்கியங்கள். தயங்கியவரிடம் முதலில் தொடரச் சொல்லி ஒரு வேண்டுகோள். அடுத்து, சோதனைக்கு இது தேவை என்ற விளக்கம். மூன்றாவது, இது மிக அவசியம் என்ற அழுத்தம். நான்காவதுதான் அப்பட்டமான ஆணை: உங்களுக்கு வேற வழியில்லை, செஞ்சே ஆகணும்.

ஜெர்ரி பர்கர் 2009-இல் வெளியிட்ட மறுசோதனையில், அந்த நான்காவது வாக்கியத்தைக் கேட்ட ஒருவர்கூடத் தொடரவில்லை! மூன்று முறை தயங்கியவர்தானே நான்காவதைக் கேட்கிறார், அவர் ஏற்கெனவே மறுக்கும் மனநிலையில் இருப்பாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹாஸ்லம், ரெய்ச்சர், பெர்னி மூவரும் 2014-இல் வேறொரு சோதனையில் ஆளுக்கு ஒரே வகை வாக்கியத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஆணைதான் மோசமாகத் தோற்றது. 'சோதனைக்குத் தேவை' என்பது நன்றாக வேலை செய்தது.

மில்கிராமின் சொந்தத் தரவிலேயே இதற்குத் தடயம் உண்டு. ஆய்வாளர் ஃபோனில் உத்தரவிட்டபோது முழுக்கக் கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. சிலர் குறைந்த வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, சொன்னபடி கூட்டியதாகப் பொய் சொன்னார்கள். கூட இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். கருவிகள் இப்படி நடந்துகொள்ளுமா?

அப்போ அந்த 26 பேர்? அறிவியலுக்கு உதவுவதாக நம்பியிருக்கலாம். ரெய்ச்சர், ஹாஸ்லம் தரப்பின் வாதமும் ஏறக்குறைய இதுதான். இது அவர்கள் பொறுப்பைக் குறைக்காது, கூட்டும். 'மேலிடம் சொன்னது, செய்தேன்' என்று ஐக்மன் ஜெருசலேம் நீதிமன்றத்தில் வாதாடியதும் அதே 1961-இல்தான். மில்கிராமின் விளக்கம் அந்தச் சாக்குக்கு, அவர் விரும்பாமலே, ஓர் அறிவியல் சட்டை மாட்டிவிடுகிறது.

சோதனைகளை வடிவமைத்த விதத்துக்காகவே இந்தப் புத்தகத்தைப் படிக்கலாம். ஆனா படிக்கும்போது மில்கிராம் சொல்லும் காரணத்தைவிட அவர் தரும் எண்களை நம்புங்கள். 'செய்' என்று யாராவது உறுமினால் நமக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொள்கிறது. ஆபத்து, 'ப்ராஜெக்டுக்கு இது தேவை' என்று ஒருவர் மரியாதையாகச் சொல்லும்போதுதான். அங்கே யாரும் நம் சுதந்திரத்தைப் பிடுங்குவதில்லை. நாமே எடுத்துக் கொடுக்கிறோம், நல்ல காரியம்தானே என்று.