சிவப்பு எப்போது தெரிய வேண்டும்?

2005 ஆகஸ்ட் 11 அன்று கோலா சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது, அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அந்தப் பகுதியிலுள்ள புக்கிட் பெலிம்பிங் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களெல்லாம் அந்தப் புகைமூட்டத்துக்குள் இருந்தவை. எண்ணுக்கு ஏற்பத் தானாக நிறம் மாறும் டேஷ்போர்டு நமக்கு உதவுகிறதா, ஏமாற்றுகிறதா என்று எடைபோட அந்தக் குறியீட்டிலிருந்தே தொடங்கலாம்.

மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் அட்டவணையில் 50 வரை நீலம், 100 வரை பச்சை, 200 வரை மஞ்சள், 300 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. இதன் பெரிய பலம், வரம்புகள் அசையாமல் நிற்பது. கோலா சிலாங்கூரில் 120 என்றாலும் மஞ்சள்தான், ஜோகூரில் 120 என்றாலும் மஞ்சள்தான். பக்கத்து ஊர் இன்னும் மோசம் என்பதால் நம் ஊர் பச்சையாகிவிடாது. நிறத்தோடு செயலும் கட்டப்பட்டிருக்கிறது: 200ஐத் தாண்டினால் பள்ளிகளை மூட வேண்டும்.

குறை நிறத் தேர்வில் இருக்கிறது. 100க்கு மேல் 'ஆரோக்கியமற்றது' என்று துறையே சொல்கிறது, ஆனால் காட்டுவது மஞ்சள். 105ம் 195ம் ஒரே மஞ்சளில் அடங்கிவிடுகின்றன. அமெரிக்கக் குறியீட்டில் 151லேயே சிவப்பு வந்துவிடும். இரண்டும் ஒரே கணக்குமுறை அல்ல. ஆனாலும் ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு 195ல் மஞ்சள் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதோடு, நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுவது. காலையில் புகை திடீரென்று சூழ்ந்தால் நிறம் பின்தங்கித்தான் வரும்.

தோட்ட அலுவலக டேஷ்போர்டுகளில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் வரம்பே இருப்பதில்லை. எக்செலின் பச்சை-மஞ்சள்-சிவப்பு நிற அளவுகோலை அப்படியே போட்டால், பட்டியலில் குறைந்த எண் சிவப்பு, கூடியது பச்சை. எல்லாப் பிளாக்கிலும் விளைச்சல் விழுந்த வறட்சி ஆண்டிலும் ஏதோ ஒன்று பச்சையாகச் சிரிக்கும். எல்லாமே நன்றாக இருந்தாலும் ஒன்று சிவப்பாக நிற்கும். செம்பனை நட்டு ஏறக்குறைய 30 மாதம் கழித்துத்தான் முதல் வெட்டு. மறுநடவு செய்த பிளாக்கில் ஹெக்டருக்கு டன் குறைவாக இருப்பதற்குக் காரணம் மரத்தின் வயது. அதை முதிர்ந்த பிளாக்கோடு ஒரே பட்டியலில் போட்டால் மாதந்தோறும் சிவப்பு. திட்டு வாங்குவது அந்தப் பிளாக்கைப் பார்க்கும் மண்டோர்.

இதற்கு வழி இருக்கிறது. பவர் பிஐயில் நிறத்தை ஒரு கணக்கே தீர்மானிக்கும்படி எழுதலாம்: மரத்தின் வயதுக்குரிய இலக்கை எடுத்து, அதில் எத்தனை விழுக்காடு கிடைத்தது என்று பார்த்து நிறம் கொடுக்கலாம். இந்த வசதியின் உண்மையான மதிப்பு இதுதான். எங்கே முதலில் போய்ப் பார்ப்பது என்று தேட மட்டும் ஒப்பீட்டு நிறம் போதும் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அதற்கு ஒரே நிறத்தின் வெளிர், அடர் சாயல்களைப் போடட்டும். சிவப்பும் பச்சையும் தீர்ப்புச் சொல்லும் நிறங்கள்.

அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்களும் உண்டு, ஆண்களிடையே கூடுதலாகவே. பழுத்த குலையை வெட்டுக்காரர் நிறத்தை மட்டும் நம்பி வெட்டுவதில்லை, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தையும் பார்க்கிறார். டேஷ்போர்டிலும் நிறத்துக்குப் பக்கத்தில் எண்ணும் குறியும் இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே என் முடிவு: நிலையான வரம்பும், அதைத் தாண்டினால் யார் என்ன செய்வது என்ற ஏற்பாடும் உள்ள இடத்தில் மாறும் நிறம் வேண்டும். அவை இல்லாத அட்டவணையில் நிறத்தை எடுத்துவிட்டு வெறும் எண்ணை விடுவது மேல். காற்றுக் குறியீடு இந்தச் சோதனையில் தேறுகிறது. அதன் மஞ்சளை 150ல் இரண்டாகப் பிரித்து, மேல்பாதிக்கு ஆரஞ்சைக் கொடுக்க வேண்டும்.