வாகை நெற்றுச் சத்தம்

மேடு ஏறத் திணறிய பழைய பெட்ரோல் காரின் அடியில் மல்லாந்து படுத்து, மெக்கானிக் அண்ணன் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினார். காய்ந்த வாகை நெற்றைக் குலுக்கினாற்போல் உள்ளே ஒரு கலகலப்பு. "பீங்கான் உடைஞ்சிருச்சு தம்பி" என்றார். ஆனாலும் அதோடு விடவில்லை. இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடவிட்டு வெற்றிட மானியைப் பார்த்தார். முள் நிலைகொள்ளாமல் மெல்ல மெல்லச் சரிந்தது. புகைக்குப் போக வழியில்லை. அடுத்து அவர் கை போனது ஸ்பார்க் பிளக்குகளுக்கு. ஒன்று ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்துதான் பீங்கானை உருக்கியிருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுசை மாட்டக் கூடாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

கழற்றுவதுதான் பெரிய வேலை. துருவேறிய நட்டுகளில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தார். மறுநாள் கால் சுற்று இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி எண்ணெய். பழைய போல்ட் முறியாமல் முனகிக்கொண்டே இளகியது. புதுக் கன்வர்ட்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 கண்கள் கொண்ட தேன்கூடு. ஒவ்வொரு கண்ணிலும் துளி வானம். புது பிளக், புது கேஸ்கெட் போட்டு வண்டியைக் கிளப்பியதும், பின்குழாயருகே உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். காற்று விட்டுவிட்டு வராமல் சீராக வந்து மோதியது.